அத்தியாயம் 14: இரண்டு டிகிரி

பந்து இடது பக்கம் போனது.

சும்மா போகவில்லை. நேராகக் கிளம்பி, நூறு கெஜம் வரை நல்ல பிள்ளையாகப் பறந்து, அதற்கப்புறம் இடது பக்கம் வளைந்து, கம்பி வேலியில் மோதி விழுந்தது. அதற்கு முந்தைய பந்தும் அப்படித்தான். அதற்கும் முந்தையது வேலியைத் தாண்டி வண்டி நிறுத்துமிடத்துக்கே போய்விட்டது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இது அதிசயமாக இருக்கும். இந்தக் குடும்பத்தில் இரண்டு வருடமாக நடந்த பஞ்சாயத்தெல்லாம் பந்து வலது பக்கம் போவதைப் பற்றித்தான். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடலாம்.

அடிப்பவளுக்கு நாற்பத்து நாலு வயது. இருபது வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள் என்பதால் கோல்ஃப் பயிற்சித் திடலில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. கோல்ஃப் சொல்லித் தருவதற்கான உரிமம் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, போன மாதம் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டாள். அதற்கான தேர்வு ஆட்டம் நாளைக் காலை. ஒரே நாளில் முப்பத்தாறு குழி. நாற்பத்தைந்து வயதானால் விண்ணப்பத்தையே வாங்க மாட்டார்கள். இந்த வருடத்தை விட்டால் அவ்வளவுதான்.

அவளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி. திடலில் பயிற்சி கொடுப்பவள், எல்லோருக்கும் கோச்சம்மா. வயதில் மூத்த நாத்தனாருக்குப் பாடம் எடுப்பது எவ்வளவு சுகமான வேலை என்பதை நாத்தனார் உள்ளவர்களே ஊகித்துக்கொள்ளலாம். தம்பி, அதாவது கோச்சம்மாவின் கணவர், அதே திடலின் பின்பக்கம் மட்டை பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை. ஆனால் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசிப் பத்தொன்பது நாளாகிறது.

காரணம் போன வாரங்களில் வந்ததுதான். வேறு ஊரில் உள்ள மட்டைத் தொழிற்சாலை ஒன்று அவரை வேலைக்குக் கூப்பிட்டது. வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர், மனைவியிடம் மூச்சு விடவில்லை. பந்து பொறுக்கும் வண்டி ஓட்டுகிறவர் "சார் எப்ப கிளம்புறாரு?" என்று சாதாரணமாகக் கேட்டபோதுதான் கோச்சம்மாவுக்கே விஷயம் தெரிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் தபால் சேவை எக்ஸ்ரே அக்காதான்.

"அண்ணி, கேஸ் தீரப் போகுதுன்னு சொல்லிடுங்க" என்பாள் கோச்சம்மா, கணவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது.

"அக்கா, பதிஞ்சாச்சு, நாளைக்கு வருதுன்னு சொல்லிடு" என்பார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எக்ஸ்ரே அக்கா இரண்டு பக்கமும் திரும்பி, இரண்டையும் ஒரு எழுத்து மாறாமல் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வாள்.

இப்போது அந்த அக்கா மட்டையைப் பந்தடிக்கும் ரப்பர் பாயில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கை செத்துப் போச்சும்மா" என்றாள்.

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்க."

"நேத்தும் இதத்தான் சொன்னே. தளர்த்தினேன். முந்தாநாள் காலைக் கொஞ்சம் திருப்பி வைன்னே. வெச்சேன். அதுக்கு முந்தின நாள் பந்தை முன்னாடி தள்ளி வைன்னே. என் உடம்புல இனி திருப்பறதுக்கு மிச்சம் ஏதாவது இருக்கா?"

கோச்சம்மா குனிந்து, கிடந்த பந்துகளைக் கூடையில் எடுத்துப் போட்டாள்.

அக்காவின் பழைய வியாதி ஸ்லைஸ். மட்டையின் முகம் திறந்தபடி பந்தைத் தொடும். கையும் வெளியிலிருந்து உள்பக்கமாக இழுத்து அறுக்கும். பந்து வலது பக்கம் ஓடிவிடும். கோச்சம்மா ஆறு வாரம் மல்லுக்கட்டினாள். இடது கையை மட்டையின் மேல் வலது பக்கமாகத் திருப்பி, ஒரு விரல் முட்டி தெரிந்த இடத்தில் மூன்று முட்டி தெரிய வைத்தாள். வலது கக்கத்தில் துண்டைச் செருகி, அது விழாமல் அடிக்கச் சொன்னாள். ஒருநாள் கை திரும்பியது. பந்து நேராகப் போனது. அடுத்த நாளும் போனது. பத்து நாள் போனது. போன திங்கட்கிழமை காலை, யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல், இடது பக்கம் போக ஆரம்பித்தது. இதற்குப் பெயர் ஹூக். ஐந்து நாளாக கோச்சம்மா தன் மருந்தைத் தானே முறித்துப் பார்க்கிறாள். கை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்ப மாட்டேன் என்கிறது.

"தலை வலிக்குது. வீட்டுக்குப் போறேன்" என்றாள் அக்கா.

"பையை?"

"இருக்கட்டும். யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

அவள் போவதைப் பார்த்தபடி கோச்சம்மா சிறிது நேரம் நின்றாள். பயமாக இருந்தது. இந்த வயதில் வேலையை விட்ட ஒரு பெண்ணின் கையைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம். அதோடு, நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் சாப்பிட உட்காருவது என்ற கவலையும் கூடவே வந்தது.

கோச்சம்மாவுக்கு ஒரு விரதம் உண்டு. மாணவரின் மட்டையைத் தொட மாட்டாள். தொட்டு அடித்துக் காட்டினால், "உங்களுக்கு வருது, எனக்கு வரலையே" என்று அவர்கள் மனம் விட்டுப்போகும் என்பது அவள் கட்சி. பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்த விரதத்தை முறித்ததில்லை. இன்று சுற்றிலும் ஆளில்லை. அக்காவின் ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை உருவினாள். ஒரு பந்தை வைத்து அடித்தாள்.

இடது பக்கம் போனது.

இன்னொன்று. அதுவும் இடது பக்கம்.

தன்னுடைய ஏழாம் நம்பரை எடுத்து வந்து அடித்தாள். நேராகப் போனது.

கோச்சம்மா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பையிலிருந்த மதிப்பெண் அட்டையை எடுத்து அக்கா மட்டையின் நுனிக்கு அடியில் செருகினாள். தடையில்லாமல் உள்ளே போனது. நுனி தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நின்றது. அப்படி நிமிர்ந்து நிற்கிற மட்டை பந்தை இடது பக்கம்தான் தள்ளும். பிடியை இரண்டு விரலால் அழுத்தினாள். புதுப் பிடி. தேய்ந்ததை மாற்றியிருக்கிறார்கள் என்று திங்கட்கிழமையே பார்த்தாள்தான். ஆனால் பழையதைவிட மெலிது. பிடி மெலிந்தால் மணிக்கட்டு சீக்கிரம் புரளும்; அதுவும் இடது பக்கம்தான்.

பிடியின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. வேலை முடித்த மட்டையில் அவள் கணவர் வைக்கும் அடையாளம் அது.

முதலில் கோபம்தான் வந்தது. காது வரை சூடேறியது. சொல்லாமல் கையெழுத்துப் போட்ட மாதிரியே இதையும் சொல்லாமல் செய்திருக்கிறார். பிறகு கணக்கு தானாக ஓடியது. அவள் கையைத் திருத்தினாள். அவர் இரும்பைத் திருத்தினார். தனித்தனியாக எது நடந்திருந்தாலும் பந்து நேராகப் போயிருக்கும். ஒரே காய்ச்சலுக்கு இரண்டு டாக்டர்கள் ஆளுக்கொரு ஊசி போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஒன்றை விலக்கியாக வேண்டும். கையைத் திருப்ப ஆறு வாரம் ஆயிற்று. ஒரு மத்தியானத்தில் அது திரும்பாது. இரும்பு திரும்பும். ஆனால் அதைத் திருப்பத் தெரிந்த ஆள் ஒருவர்தான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். வாசலுக்கு வந்ததும், செய்தியை யாரிடம் சொல்லி அனுப்பலாம் என்று ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தாள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பட்டறைக்குத் திடல் பக்கம் ஜன்னல் கிடையாது. உள்ளே பெட்ரோல் மாதிரி ஒரு வாசனை. சுவரில் டேப் சுருள்கள், ஆணியில் தொங்கும் பிடிகள், நடுவில் மட்டைத் தலையைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கிடுக்கி. அவர் ஒரு மட்டைத் தண்டை அறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி மட்டையில என்ன பண்ணீங்க?"

அவர் ரம்பத்தை நிறுத்தினார். அவளுக்குப் பின்னால் அக்கா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். இல்லை.

"ரெண்டு டிகிரி" என்றார்.

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. பிடி தேஞ்சு போச்சு, மாத்திக் குடுன்னு அக்கா கொண்டு வந்துச்சு. அப்படியே…"

"அப்படியே?"

"இரும்பு எல்லாத்தையும் ரெண்டு டிகிரி நிமித்தினேன். பிடிக்கு அடியில ஒரு சுத்து டேப் கம்மி. டிரைவர் மட்டையோட கழுத்துல ஒரு பல்லு இடது பக்கம் திருப்பி வெச்சேன்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாதுன்னுதானே பண்ணினேன். தெரிஞ்சா அடிக்கும்போதெல்லாம் அதே ஞாபகமா இருக்கும்."

"சரி. எனக்கு?"

அவர் ரம்பத்தில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்தார். அவசரமே இல்லாமல் துடைத்தார்.

"உனக்குச் சொல்லணும்னா அக்கா மூலமாத்தான் சொல்லணும். அக்காகிட்டயே மறைக்கிற விஷயத்த அக்காகிட்ட எப்படிச் சொல்லி அனுப்புறது?"

கோச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததற்காகவே இன்னும் கோபம் வந்தது.

"நான் ஒருத்தி அங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னு கத்திட்டிருக்கேன். கோச் இருக்கும்போது நீங்க ஏன் இதுல மூக்கை நுழைக்கிறீங்க?"

"நீதானே டீக்கடையில சொன்னே, அண்ணி கை இந்த ஜென்மத்துல திரும்பாதுன்னு."

"அது எப்பவோ சொன்னது! கை திரும்பி ரெண்டு வாரமாச்சு. பத்து நாள் பந்து நூல் புடிச்ச மாதிரி போச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே தெரியாத முகம்.

"அக்கா ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே."

"நான்தான் சொல்லாதீங்கன்னேன்."

"ஏன்?"

ஏன் என்று கோச்சம்மாவுக்கு நன்றாகத் தெரியும். 'பரீட்சை முடியிற வரைக்கும் வீட்ல மூச்சு விடாதீங்க அண்ணி' என்று அவள்தான் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தாள். தேர்வில் ஜெயித்த பிறகு அவருக்குத் தெரிய வேண்டும். சொல்லாமல் செய்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் புரிய வேண்டும். வீம்பு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

"சும்மாதான்" என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. புரிந்துவிட்டது என்று நினைக்கலாம்.

"பழையபடி சாய்க்க முடியுமா?"

"நான் பண்ணினதுதான் போகணுமா?"

"கை ஒரு மத்தியானத்துல திரும்பாதுங்க."

"அது சரி." ஏழாம் நம்பரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரே கழுத்த ரெண்டு தடவை வளைச்சா இரும்பு கோவிச்சுக்கும். மெதுவாத்தான் பண்ணணும். பிடி காய ரெண்டு மணி நேரம். நாலு மணி ஆயிடும்."

"ஆகட்டும்."

"கோணமானியை நீ புடி. நான் ஒருத்தனா ரெண்டும் பாக்க முடியாது."

அவள் பிடித்தாள். அவர் கிடுக்கியில் மட்டைத் தலையை இறுக்கி, கழுத்தில் கம்பியை மாட்டி, உடம்பு எடையை லேசாகச் சாய்த்தார். பத்தொன்பது நாளைக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் முக்கால் மணி நேரம் இடைவிடாமல் பேசினார்கள். பேசியதெல்லாம் எண்கள்.

"அறுபத்தி நாலு."

"இப்ப?"

"அறுபத்தி மூணரை. இன்னும் கொஞ்சம். மெதுவா, மெதுவா. அறுபத்தி மூணு."

"எப்ப ரெண்டு வருதுன்னு சொல்லு."

"எப்ப கிளம்புறீங்க?"

கம்பி பாதியில் நின்றது.

"ஒண்ணாந்தேதி" என்றார்.

"அறுபத்தி ரெண்டு" என்றாள் அவள். "போதும், நிறுத்துங்க."

எட்டு மட்டையும் முடிந்தன. டிரைவரில் அந்த ஒரு பல்லைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். பழைய கனம் வரும்படி டேப்பை ஒரு சுற்று கூட்டிப் பிடிகளை ஏற்றினார். அவரே வெள்ளைப் புள்ளிகளைத் துடைத்தும் விட்டார்.

"அக்காவுக்கு ஒண்ணும் சொல்லாதே" என்றார். "கை சரியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லு. நாளைக்குத் தெம்பா ஆடும்."

"இல்ல. சொல்லத்தான் போறேன்."

"நாளைக்குப் பரீட்சை. இன்னிக்குப் போய் மனசைக் குழப்புவியா?"

"அஞ்சு நாளா தன் கை செத்துப் போச்சுன்னு நெனச்சிட்டிருக்காங்க. அதவிடவா குழப்பப் போறேன்? நம்ம ரெண்டு பேரும் பண்ணின தப்புங்க இது. அவங்க ஏன் சுமக்கணும்?"

அவர் உச்சுக் கொட்டினார். அது சம்மதமா இல்லையா என்று கண்டுபிடிக்க கோச்சம்மா பதினாலு வருடமாக முயன்று வருகிறாள். இந்தத் தடவை கேட்காமல் போனை எடுத்தாள்.

நாலரை மணிக்கு எக்ஸ்ரே அக்கா வந்தாள். முகம் கழுவி, தலை சீவி, வேறு உடுப்பு மாற்றியிருந்தாள். காலையில் இருந்த களைப்பு முகத்தில் இல்லை. தம்பியும் தம்பி பெண்டாட்டியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள்.

"என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

கோச்சம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பூசி மெழுகவில்லை. தான் மறைத்ததையும் சேர்த்தே சொன்னாள். தம்பி நடுவில் இரண்டு தடவை தொண்டையைச் செருமியதோடு சரி.

அக்கா கேட்டு முடித்தாள். தன் இரண்டு கைகளையும் விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனையோ பேருடைய எலும்பைப் பார்த்தவள் அவள்.

"அப்ப என் கையில ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமே இல்ல அண்ணி. உங்க கை திங்கட்கிழமையும் சரி, இன்னிக்கும் சரி, சரியாத்தான் இருக்கு."

"மட்டையும் இப்ப சரியா இருக்கு?"

"சரியா இருக்குக்கா" என்றார் தம்பி.

"நல்லது" என்றாள் அக்கா. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "காலையில வீட்டுக்குப் போனதும் தேர்வு ஆபீசுக்குப் போன் பண்ணி, என் பேரை எடுத்துடச் சொல்லிட்டேன்."

கோச்சம்மா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை…" என்று ஆரம்பித்தார் தம்பி. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோச்சம்மாவும் பார்த்தாள். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"நாளைக்கு அங்க நின்னு, பத்துப் பேர் பாக்க, பந்தைத் தெருவுக்கு அடிக்கிறதுக்கு எனக்குத் தெம்பு இல்லடா" என்றாள் அக்கா. "சொன்னா ரெண்டு பேரும் வேணாம்பீங்க. அதான் சொல்லல."

கோச்சம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். தேர்வு அலுவலகத்துப் பெண் மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"அந்த இடத்த மத்தியானமே அடுத்தவங்களுக்குக் குடுத்தாச்சுங்க மேடம்."

"ஏதாவது பண்ண முடியாதா? தப்பு எங்க பேர்ல. மட்டையில கோளாறு, அது இப்பத்தான் தெரிஞ்சுது."

"காத்திருக்கிறவங்க பட்டியல்ல வேணா சேத்துக்கிறேன். அவங்க ஆறாவது. காலையில ஆறரைக்கு வந்துடச் சொல்லுங்க. யாராவது வரலைன்னா வரிசையாக் கூப்பிடுவோம்."

திரும்பி வந்து சொன்னாள். அக்கா தலையை ஆட்டினாள்.

"அப்படின்னா ஆறு பேர் வராம இருக்கணும்."

"ஆமா அண்ணி."

"இருபது வருஷமா வேலை பாத்த எடத்துல ஒரே நாள்ல ஆறு பேர் வராம நான் பாத்ததில்ல."

"நான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன். ஆறு மணிக்கே போய் நிப்போம்."

"நிப்போம், நிப்போம்" என்றாள் அக்கா, குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரலில். சமாதானப்பட வேண்டியவள் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு எழுந்து, பையிலிருந்து ஏழாம் நம்பரை உருவிக்கொண்டு திடலுக்கு நடந்தாள். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். அவள் பாயில் ஒரு பந்தை வைத்தாள்.

"எத்தனை முட்டி தெரியணும்?"

"மூணு" என்றாள் கோச்சம்மா. "போன வாரம் புடிச்ச மாதிரியே புடிங்க."

அக்கா பிடித்தாள். ஒரு முறை தூரத்தைப் பார்த்தாள். அடித்தாள்.

பந்து நேராகக் கிளம்பியது. நூறு கெஜம் தாண்டியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இடது பக்கமும் வளையவில்லை, வலது பக்கமும் வளையவில்லை. நூற்று முப்பது கெஜம் என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் இறங்கி, இரண்டு முறை எகிறி நின்றது.

அக்கா இன்னொரு பந்தை வைத்தாள். அதுவும் நேராகப் போனது. அதற்கடுத்ததும் போனது.

பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் பந்து நேராகப் போக வேண்டும் என்று பாடுபட்டுச் சம்பளம் வாங்கும் கோச்சம்மா, பேரை எடுத்தது சரிதான் என்று அக்கா தேற்றிக்கொள்ள, இது ஒன்றாவது கோணலாகப் போகக் கூடாதா என்று நினைத்தாள்.